சிப் வேலைக்கு கெமிஸ்ட்ரி உதவாதா?

திருவொற்றியூரிலிருந்து ஒரு அப்பா, 2025 மே 12

பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா. கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க். பாரதி மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிதான் படிப்பேன், அப்புறம் சிப் ஆராய்ச்சிக்குப் போவேன்னு பிடிவாதமா நிக்கிறா. எங்க தெருவில் எஞ்சினியரிங் படிச்ச பசங்க, சிப்புன்னா எலெக்ட்ரானிக்ஸ்தான், கெமிஸ்ட்ரி படிச்சா மணலியில் லேப் வேலையோட முடிஞ்சிடும்னு சொல்றாங்க. கடன் வாங்கியாவது எஞ்சினியரிங்கில் சேர்க்கணுமா? இந்தத் துறையில் இருக்கிறவங்க யாராவது உண்மையைச் சொல்லுங்க.

மே 12, இரவு

அண்ணே, கெமிஸ்ட்ரியிலேயே சேருங்கள். கடன் வேண்டாம்.

நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள். பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டும் கெமிஸ்ட்ரி. பிஎச்.டி. காலியம் நைட்ரைடு என்ற பொருளின் மெல்லிய படலங்களில். அன்று தொட்டு இன்றுவரை குறைக்கடத்திதான் (செமிகண்டக்டர், சிப் செய்யும் பொருள்) என் பிழைப்பு. அந்தப் பசங்களிடம் கார்டன் மூர் என்ன படித்தவர் என்று கேட்டுப் பாருங்கள். 1968இல் இன்டெல் என்ற சிப் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். 1954இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார், வேதியியலில். தொடக்கத்திலேயே அவர்களோடு சேர்ந்து, பிறகு அந்த நிறுவனத்தை நடத்திய ஆண்ட்ரூ குரோவ் படித்தது வேதிப் பொறியியல். சிப்பில் டிரான்சிஸ்டர்கள் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் குட்டி ஸ்விட்சுகள்) இரட்டிப்பாகிக்கொண்டே போகும் என்று எல்லோரும் சொல்கிற 'மூர் விதி' ஒரு வேதியியலாளர் போட்ட கணக்கு.

மே 13

நேற்று அவசரமாக எழுதினேன். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சிப் விஷயத்தில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று வரைவது. எந்த டிரான்சிஸ்டர் எங்கே, எதோடு எது சேரும் என்று கம்ப்யூட்டரில் வடிவமைப்பது. சென்னையிலும் பெங்களூரிலும் 'சிப் கம்பெனி' என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்த வேலையைச் செய்பவை. அதற்கு எலெக்ட்ரானிக்ஸ் படிப்பு வேண்டும். பசங்க சொல்வது அந்த அளவில் சரி.

இன்னொன்று செய்வது. சிலிக்கான் தகட்டின்மேல் ஆக்சைடு வளர்ப்பது, படலம் படியவைப்பது, ஒளியில் மாறும் பூச்சு பூசுவது, அமிலத்தாலோ வாயுவாலோ அரித்தெடுப்பது, கழுவுவது, மறுபடி முதலிலிருந்து. இப்படி நூற்றுக்கணக்கான படிகள். அவற்றில் பெரும்பாலானவை வேதிவினைகள். கழுவுவதற்கு மட்டுமே தனி வரலாறு உண்டு. ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க மின்னணு நிறுவனத்தில் வெர்னர் கெர்ன் என்ற வேதியியலாளர் 1965இல் ஒரு முறையை வகுத்தார். முதல் தொட்டியில் அமோனியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தண்ணீரும். அடுத்த தொட்டியில் அமோனியாவுக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். முதலாவது தூசையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும், இரண்டாவது உலோக அயனிகளை எடுக்கும். 1970இல் கட்டுரையாக வந்தது. இன்றும் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு நாங்கள் முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான். உங்கள் பெண் பிளஸ் டூ லேபில் கையாண்ட அதே பாட்டில்கள், தூய்மை மட்டும் வேறு.

மே 13, மாலை

"கழுவுறதெல்லாம் ஆராய்ச்சியா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆமாம் தம்பி. 1960களில், உலோகம், ஆக்சைடு, சிலிக்கான் என்று அடுக்கிய 'மாஸ்' (MOS) டிரான்சிஸ்டர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே குணம் மாறின. இன்று ஒரு மின்னழுத்தத்தில் திறந்தது நாளை வேறொன்றில் திறந்தது. யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. சோடியம் அயனிகள் ஆக்சைடுக்குள் நகர்ந்ததுதான் காரணம் என்று 1965இல் ஃபேர்சைல்டு என்ற அமெரிக்க சிப் நிறுவனத்து ஆட்கள் காட்டினார்கள். அந்தக் குழுவில் குரோவும் உண்டு, புரூஸ் டீல் என்ற வேதியியலாளரும் உண்டு. சோடியம் வேறெங்கே இருக்கும்? வியர்வையில், விரல் நுனியில், காற்றில். காசிமேட்டில் மொட்டைமாடிக் கம்பியைத் தடவிப் பாருங்கள், கையில் உப்பு ஒட்டும். அந்த உப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு போதும், டிரான்சிஸ்டர் கெட.

மே 17

வேலைநாட்களில் எழுத முடியவில்லை. இன்று நேரம் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

1940 வாக்கில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் சிலிக்கான் இரண்டு விதமாக நடந்துகொண்டது. ஒரு துண்டில் மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகப் போகும், இன்னொரு துண்டில் எதிர்த்திசையில். ஒரே சிலிக்கான், ஒரே உலை. ரசல் ஓல் என்பவர் கையில் கிடைத்த ஒரு துண்டில் இரண்டு வகையும் அருகருகே இருந்தன. வெளிச்சம் பட்டதும் அதில் மின்னழுத்தம் எழுந்தது. இன்றைய சூரிய மின்கலத்தின் ஆரம்பம் அதுதான். ஆனால் இந்த இரு வகைக்கும் காரணம் என்ன? நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்த்தார்கள், வேற்றுப் பொருள் எதுவும் தெரியவில்லை.

உலோகவியலாளர்கள் ஜாக் ஸ்காஃப், ஹென்றி தியூரர் இருவருக்கும் துப்புக் கொடுத்தது மூக்கு. இரண்டில் ஒன்றான 'என்' வகை (எலெக்ட்ரான் உபரியான) சிலிக்கானைக் கையாளும்போது ஒரு வாடை வந்தது. கார்பைடு விளக்கில் வருகிற வாடை. அது பாஸ்பரஸும் ஹைட்ரஜனும் சேர்ந்த பாஸ்பீன் வாயுவுடையது. ஆக, உள்ளே பாஸ்பரஸ் இருக்கிறது, கருவியால் பிடிக்க முடியாத அளவில். அதுதான் அந்தச் சிலிக்கானை 'என்' வகை ஆக்கியது. மறு வகைக்கு, அதாவது எலெக்ட்ரான் குறைவான 'பி' வகைக்கு, போரான்.

வட சென்னையில் கார்பைடு வாடை தெரியாதவர் யார்? கேஸ் வெல்டிங் பட்டறையில் கார்பைடைத் தண்ணீரில் போட்டு அசிட்டிலின் எடுப்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். எங்கள் வீட்டுக்கு மூன்று கடை தள்ளி அப்படி ஒன்று இருந்தது. தூய அசிட்டிலினுக்கு அந்த நாற்றம் கிடையாது, நாம் முகர்வது அதில் கலந்த பாஸ்பீனைத்தான் என்று எம்.எஸ்சி.யில் படித்த அன்று அந்தக் கடை நினைவு வந்தது. அந்த வாடையைப் பாடத்தில் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே தெரிந்துவைத்திருந்தேன். நம் பேட்டைப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியும். அதற்குப் பெயர் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இப்போது யாரும் எந்த வாயுவையும் முகர்ந்து பார்க்கக் கூடாது, தயவுசெய்து. பாஸ்பீன் கொல்லும்.

மே 18

"எவ்வளவு தூய்மை வேண்டும், ஒரு கணக்குச் சொல்லுங்க அக்கா" என்று கேட்டிருந்தார்கள்.

சௌகார்பேட்டையில் 24 கேரட் தங்கம் என்று கொடுப்பது 999. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு வேறு எதுவோ. நகைக்கு அது உச்சம். சிப் செய்யும் சிலிக்கானில் நூறு கோடி அணுவுக்கு ஒரு வேற்று அணு இருந்தாலே யோசிப்பார்கள். 99.9999999 சதவீதம், அதற்கும் மேலே.

அங்கே போய்ச் சேரும் வழி முழுக்க வேதியியல். குவார்ட்ஸையும் கரியையும் மின்வில் உலையில் உருக்கினால் 98, 99 சதவீத சிலிக்கான் வரும். அதை அப்படியே தூய்மைப்படுத்துவது கடினம். ஆகவே ஹைட்ரஜன் குளோரைடோடு வினைபுரியவைத்து டிரைகுளோரோசிலேன் என்ற திரவம் ஆக்குகிறார்கள். அது சுமார் 32 டிகிரியில் கொதிக்கும், சென்னை வெயிலில் மூடி திறந்தால் பறந்துவிடும். திரவமாகிவிட்டால் வாலைவடிக்கலாம் (ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிரிக்கலாம்), திரும்பத் திரும்ப. பிறகு ஹைட்ரஜனோடு கலந்து, சுமார் 1100 டிகிரிக்குச் சூடேறிய மெல்லிய சிலிக்கான் தண்டுகள்மேல் அனுப்பினால் அணு அணுவாகப் படிந்து தண்டு பருக்கும்.

இதில் என்னை எப்போதும் வியக்கவைப்பது போரான். சிலிக்கானை உருக்கி உறையவைத்தால் மற்ற மாசுகள் பெரும்பாலும் திரவத்திலேயே தங்கிவிடும். இரும்பு கிட்டத்தட்ட முழுதும் வெளியே நிற்கும். பாஸ்பரஸ் மூன்றில் ஒரு பங்கு உள்ளே வரும். போரான் பத்துக்கு எட்டு உள்ளே வந்துவிடும். உருக்கி அதை விரட்ட முடியாது. திரவமாக இருக்கும்போதே, வாலைவடிக்கும் கட்டத்திலேயே பிடித்தாக வேண்டும். எந்த அழுக்கை எந்தக் கட்டத்தில் பிடிக்கலாம் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் எங்கள் தொழில்.

மே 25

என் சொந்த ஆராய்ச்சி பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். நீளமாக வரும்.

காலியம் நைட்ரைடு என்பது வெள்ளை எல்.இ.டி. விளக்குக்குள் இருக்கும் பொருள். அடிப்படையில் அது நீல ஒளி தருவது, அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பொடி (பாஸ்பர்) பூசி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீல ஒளியை ஜப்பானில் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இயற்பியல் பரிசுதான், ஆனால் பூட்டைத் திறந்தவற்றில் ஒன்று வேதியியல் சாவி. இந்தப் பொருளில் மக்னீசியம் சேர்த்தால் 'பி' வகை ஆக வேண்டும், ஆகவே இல்லை. பல வருடம் பலரும் கைவிட்டார்கள். 1989இல் அகசாகியும் அமானோவும் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினார்கள், அது மாறியது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. 1992இல் நகமுரா குழு நைட்ரஜன் சூழலில் 700 டிகிரிக்கு மேல் சூடாக்கினாலே போதும் என்று காட்டியது. மக்னீசியத்தோடு ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டு அதைச் செயலற்றதாக்கி வைத்திருந்தது, சூட்டில் ஹைட்ரஜன் விலகியது. அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? நைட்ரஜன் கொடுக்க அவர்களே உள்ளே அனுப்பிய அமோனியாவிலிருந்து.

நான் சேர்ந்தபோது இதெல்லாம் முடிந்துபோன கதை. எங்கள் ஆய்வகத்தில் (தெற்கே, பெயர் வேண்டாம்) டிரைமெதில் காலியத்தையும் அமோனியாவையும் ஆயிரம் டிகிரி வாக்கில் சபையர் தகட்டின்மேல் வினைபுரியவைத்துப் படலம் வளர்த்தோம். சபையர் என்றதும் அம்மா ஒருநாள் "நீலக்கல்லா? ஒண்ணு எடுத்துட்டு வாடி, பார்க்கலாம்" என்றார். உடைந்த துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். நிறமே இல்லாத தகடு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ வருஷம் படிக்கிற" என்று கேட்டு, ஆனாலும் சாமி மாடத்தில் வைத்துக்கொண்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

படலம் வளர்ந்தது. ஆனால் அளந்தால் எலெக்ட்ரான்கள் தேவைக்கு மிக அதிகம். 'பி' வகையாக்க மக்னீசியம் சேர்க்கும் பேச்சுக்கே இடமில்லை. குழுவில் எல்லோரும் இயற்பியல் படித்தவர்கள், திறமைசாலிகள். உலை வெப்பம், வாயு வேகம், தகட்டின் கோணம் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். நான் சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூவில் அமோனியா நீரூற்றுச் சோதனை செய்து காட்டியிருப்பார்கள், நினைவிருக்கிறதா? குடுவையில் அமோனியா நிரப்பிக் கவிழ்த்தால் கீழேயிருக்கும் தண்ணீர் சீறி மேலே ஏறும். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 700 லிட்டர் அமோனியாவை விழுங்கும். தண்ணீரோடு இவ்வளவு பாசமுள்ள வாயு, எங்கள் சிலிண்டரில் மட்டும் ஈரமில்லாமல் இருக்குமா? ஈரம் உள்ளே போனால் ஆக்சிஜன் போகும். நைட்ரஜன் இடத்தில் ஆக்சிஜன் உட்கார்ந்தால் எலெக்ட்ரான் ஒன்று உபரி. கணக்கு ஒத்துவந்தது. காலியத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அமோனியாவை நாங்கள் ஓட்டுகிறோம், அதில் துளி ஈரமும் பெரிய விஷயம்.

ஈரத்தை உறிஞ்சும் வடிப்பான் கேட்டு எழுதினேன். பணம் இல்லை என்றார்கள். மறுபடி எழுதினேன். வந்து சேர நீண்ட காலம் ஆனது. மாட்டினோம், குழாய் இணைப்புகளையும் மாற்றினோம். அடுத்தடுத்த படலங்களில் எலெக்ட்ரான் எண்ணிக்கை இறங்கியது. முதல்முறை அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. இயற்பியலாளர்களுக்கு நடுவே எனக்கு அன்று ஒரு நாற்காலி கிடைத்தது.

மே 26

அமோனியா என்றதும் எர்ணாவூர்க்காரர் ஒருவர் 2023 டிசம்பர் 26 இரவை எழுதியிருக்கிறார். எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, ஜனங்கள் நடுராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. எனக்கும் அங்கே உறவு இருக்கிறது. நேற்று எழுதும்போதே மனதில் இருந்தது, எழுத வரவில்லை.

சிப் ஆலையில் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஒளியில் மாறும் பூச்சுகளில் ஒரு வகை, ஒளி பட்ட இடத்தில் பிறக்கும் துளி அமிலத்தை நம்பி வேலை செய்வது. காற்றில் நூறு கோடியில் சில பங்கு அமோனியா போன்ற காரம் இருந்தாலும் அந்த அமிலம் அணைந்து வடிவம் கெட்டுப்போகும். நம் மூக்கு உணரும் அளவுக்கு எத்தனையோ நூறு மடங்கு கீழே. 1990களின் தொடக்கத்திலேயே இதைக் கண்டுபிடித்து, வேதி வடிப்பான் போட்டு, காற்றை ஓயாமல் அளக்க ஆரம்பித்தார்கள். ஒரு பூச்சுக்காக.

எண்ணூரில், மணலியில் அந்த அளவுக்குக் காற்றை அளக்க முடியும். கருவி இருக்கிறது, முறை தெரியும். அதை இயக்கத் தெரிந்தவர்கள் நம் தெருக்களிலிருந்தே வர வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் பெண் போன்றவர்கள்.

ஜூன் 1

மணலியில் ஆலை லேபில் வேலை செய்யும் ஒரு தம்பி, "எனக்கு வயசாயிடுச்சு, இனி ஆராய்ச்சி எங்கே" என்று எழுதியிருக்கிறார். வில்லியம் ஃபான் பற்றிக் கேளுங்கள். 1930களில் பெல் ஆய்வகத்தில் உதவியாளராக நுழைந்தவர். இரவுக் கல்லூரியில் வேதிப் பொறியியல் படித்தார். முனைவர் பட்டம் கிடையாது. ஜெர்மானியம் என்ற குறைக்கடத்தியின் கட்டியில் ஒரு குறுகிய பகுதியை மட்டும் உருக்கி, அந்த உருகிய பட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்ல நகர்த்தினால் மாசு அதோடு நகர்ந்து போய்விடும் என்று கண்டார். 1952இல் வெளியிட்டார். ஆயிரம் கோடி அணுவுக்கு ஒரு மாசு என்ற நிலைக்கு ஜெர்மானியம் வந்தது. நம்பகமான டிரான்சிஸ்டர் தொழில் அதன்மேல் எழுந்தது. தம்பி, ஆலை லேபில் அன்றாடம் டைட்ரேஷன் செய்கிற கைக்கு இருக்கும் பொறுமை எங்கள் புதுப் பிள்ளைகளுக்கு வர வருடக்கணக்காகும்.

ஜூன் 3

அண்ணே, முதல் நாள் "கடன் வேண்டாம்" என்று ஒரே வரியில் சொன்னேன். அதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள், நீங்கள் குடும்பம் நடத்துகிறவர்.

பி.எஸ்சி. மட்டும் போதாது. எம்.எஸ்சி. வேண்டும். அதற்கு ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் இடம் கிடைக்கும். பிறகு நெட் (NET) என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளம் ஆய்வாளர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, இரண்டு வருடம் கழித்து 42,000. பணம் தாமதமாக வரும் மாதங்கள் உண்டு, கையில் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும். தோழிகள் கல்யாணம் முடித்து வீடு கட்டும் வயதில் இவள் வாயுக் குழாய்க்குச் சோப்பு நுரை தடவிக் கசிவு தேடிக்கொண்டிருப்பாள். சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அப்போது நீங்கள் அவள் பக்கம் நிற்பீர்களா என்பதுதான் என் கவலை. என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், பிஎச்.டி. என்றால் என்னவென்று கடைசிவரை அவருக்குச் சரியாகத் தெரியாது. யார் கேட்டாலும் "அது பெரிய படிப்பு, முடியும்போது முடியும்" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

பிஎச்.டி. வரை போக மனமில்லை என்றாலும் வழி அடைபடாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறந்த ஃபர்ஸ்ட் சோலார் ஆலை காட்மியம் டெல்லுரைடு படலத்தில் தகடு செய்கிறது. அதுவும் குறைக்கடத்திதான்.

ஜூன் 8

"இந்தியாவில் சிலிக்கானே செய்ததில்லை, எல்லாம் பேச்சு" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். செய்திருக்கிறோம், தமிழ்நாட்டிலேயே. மேட்டூரில் மெட்கெம் சிலிக்கான் என்ற ஆலை 1980களில் பாலிசிலிக்கான் (சிப்புக்கும் சூரிய மின்கலத்துக்கும் மூலமான தூய சிலிக்கான்) தயாரித்தது. முறை பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து வேதியியலாளர்களுடையது, ஏ. ஆர். வாசுதேவ மூர்த்தி அதில் முக்கியமானவர். ஏன் மேட்டூர்? அங்கே ஏற்கெனவே உப்புக் கரைசலை மின்னாற்பகுத்துக் குளோரின் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குளோரினும் ஹைட்ரஜனும் இருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, அதிலிருந்து டிரைகுளோரோசிலேன். மே 18 குறிப்பில் சொன்ன அதே பாதை.

பஞ்சாபின் மொகாலியில் அரசின் சிப் ஆலை 1984இல் உற்பத்தி தொடங்கியது, 1989இல் தீப்பிடித்தது. அந்த அடியிலிருந்து எழ வெகுகாலம் ஆனது. கட்டடம் கட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்குள் போகும் அமிலம், வாயு, தண்ணீர் ஆகியவற்றை அந்தத் தூய்மையில் இங்கேயே செய்து, அளந்து, சான்று தரும் ஆட்கள் போதவில்லை. என் வடிப்பானுக்காக நான் காத்திருந்த காலம் இதைத்தான் எனக்குச் சொன்னது. மணலியில் வேதி ஆலைகளுக்கும் குறைவில்லை, அனுபவக் கைகளுக்கும் குறைவில்லை. அங்கே மிகத்தூய வேதிப்பொருள் பிரிவுகள் வந்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பாடம் எடுப்பேன்.

ஜூன் 22

பாரதியில் சீட் கிடைத்துவிட்டது என்று அண்ணன் எழுதியிருக்கிறார். அவ்வளவு சந்தோஷம். பாப்பா நேரடியாகக் கேட்டிருக்கும் கேள்விக்கு இங்கேயே பதில், மற்றவர்களுக்கும் உதவும்.

பாப்பா, முதல் வருடம் குறைக்கடத்திப் புத்தகம் எதையும் தொடாதே. வெப்ப இயக்கவியல், சமநிலை, மின்வேதியியல் மூன்றையும் கணக்குப் போட்டுப் படி. கணிதத் துணைப்பாடத்தை விட்டுவிடாதே. இரண்டாம் வருடம் ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடத்தளமான என்.பி.டி.இ.எல்.லில் குறைக்கடத்தி பற்றிய பாடம் ஒன்றை எடு, காசு கிடையாது. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ப்பு மையம் 1982இலிருந்து இருக்கிறது. உங்கள் டிபார்ட்மென்டிலிருந்து ஒரு குழுவாகப் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள், படிகம் வளர்வதைக் கண்ணால் பார்த்தால் பாடம் வேறு மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, கட்டாயம். என்றாவது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உன் முன்னால் வரும். சிலிக்கான் ஆக்சைடைக் கரைப்பது அதுதான், கண்ணாடியையும் கரைக்கும், ஆகவே பிளாஸ்டிக் பாட்டிலில் இருக்கும். நீர்த்த கரைசல் தோலில் பட்டால் உடனே எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். அதற்குள் ஃப்ளூரைடு உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குளூக்கோனேட் ஜெல் எட்டும் தூரத்தில் இல்லாத அறையில் அந்தப் பாட்டிலைத் திறக்காதே. யார் சொன்னாலும், கைடு சொன்னாலும் திறக்காதே. ஜெல் எங்கே என்று கேள், காலாவதித் தேதியைப் பார், அப்புறம் வேலையைத் தொடங்கு.